இணைவுற்ற, இணைவுறா இரட்டைப் பிணைப்புகள்: வட ஆற்காட்டுத் தோல் பதனிடு தொழிலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கரிம மூலக்கூறின் இயல்பைத் தீர்மானிப்பதில் அதிலுள்ள இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையைவிட, அவை ஒன்றற்கொன்று எவ்விடத்தில் அமைந்துள்ளன என்பது பல வேளைகளில் முதன்மை பெறுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு வட்டாரங்களில் பதனிடப்படும் தோலுக்கு ஊட்டப்படும் எண்ணெய், தோலிலுள்ள தீங்கற்ற குரோமியத்தைத் தீங்குடையதாக மாற்றத் துணைபோகும் நிகழ்வு இதற்குச் சிறந்த சான்று. அந்நிகழ்வின் வழியாக இணைவுற்ற, இணைவுறா இரட்டைப் பிணைப்புகளின் வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வேறுபாட்டைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ‘ஒன்றுவிட்ட’ என்னும் சொல்லாட்சியில் உள்ள மயக்கத்தையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: இரட்டைப் பிணைப்பு, இணைவு, தோல் பதனிடல், குரோமியம், ஆவாரை, அறிவியல் கலைச்சொல்.

முன்னுரை

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தோல் தொழிலைப் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் பாலாற்றைப் பற்றியதாகவே அமைகிறது. தோல் ஆலைக் கழிவுநீர் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் இன்றும் பேசப்படுகிறது. இவை இரண்டும் ஆலைக்கு வெளியே, நீரிலும் மண்ணிலும் கலந்த குரோமியத்தைப் பற்றியவை. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது வேறொரு குரோமியம்: பதனிடப்பட்ட தோலுக்கு உள்ளேயே தங்கி, காலணியாகவும் கையுறையாகவும் கடல் கடந்து செல்லும் குரோமியம்.

ஐரோப்பிய ஒன்றியம், தோலோடு தொடர்புகொள்ளும் தோற்பொருள்களில் அறுவிணைதிறன் குரோமியத்தின் அளவு கிலோவிற்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என விதித்து, அவ்விதியை 2015 மே 1 முதல் நடைமுறைப்படுத்தியது. பத்து லட்சத்தில் மூன்று பங்கு என்பது மிகச் சிறிய அளவு. பதனிடும் ஆலைகள் பயன்படுத்துவதோ மூவிணைதிறன் குரோமிய உப்பு. அறுவிணைதிறன் குரோமியத்தை எந்த ஆலையும் தோலில் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. அவ்வாறிருக்க, ஆம்பூரில் சோதித்தபோது காணப்படாத ஒரு பொருள், சில வாரங்கள் கழித்து ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் காணப்படக்கூடும். பெட்டகம் பெட்டகமாகச் சரக்குத் திரும்புவதற்கு அதுவே போதும். இடையில் நடந்தது என்ன என்னும் கேள்விக்கு விடை, எண்ணெய் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் அமைந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

இடமும் இயல்பும்

இரு கார்பன் அணுக்களுக்கிடையே உள்ள இரட்டைப் பிணைப்பில் ஒன்று சிக்மாப் பிணைப்பு. மற்றொன்று பைப் பிணைப்பு. சிக்மாவின் எலக்ட்ரான்கள் இரு அணுக்கருக்களுக்கும் நேர் நடுவே செறிந்து நிற்பவை. பைப் பிணைப்பின் எலக்ட்ரான்களோ அணுக்களின் தளத்திற்கு மேலும் கீழும் மேகம் போலப் படர்ந்திருப்பவை. அவை தளர்வாகப் பற்றப்பட்டவை. ஆதலால் வேதிவினைகளில் முதலில் ஈடுபடுபவையும் அவையே.

இத்தகைய இரட்டைப் பிணைப்புகள் இரண்டு ஒரே சங்கிலியில் வரும்போது மூன்று நிலைகள் தோன்றும். ஒரே கார்பனை இரண்டும் பகிர்ந்து அடுத்தடுத்து நிற்பது ஒன்று. அது அரிது, இங்குத் தேவையற்றது. இரண்டிற்கும் இடையே ஒரே ஒரு ஒற்றைப் பிணைப்பு நிற்பது மற்றொன்று. பியூட்டாடையீன் இதற்கு எளிய எடுத்துக்காட்டு: நான்கு கார்பன்கள்; முதலும் இரண்டும் இரட்டை, இரண்டும் மூன்றும் ஒற்றை, மூன்றும் நான்கும் இரட்டை. நான்கு கார்பன்களும் பி ஆர்பிட்டாலை உடையவை. ஆகவே முதல் இரட்டைப் பிணைப்பின் மேகம் இரண்டாவதன் மேகத்தோடு நடுவிலுள்ள ஒற்றைப் பிணைப்பின் மேலாகவே கலந்துவிடுகிறது. இதுவே இணைவு. மூன்றாம் நிலையில், இரு இரட்டைப் பிணைப்புகளுக்கும் நடுவே, பி ஆர்பிட்டாலைத் தர இயலாத நிறைவுற்ற கார்பன் ஒன்றோ பலவோ புகுந்து நிற்கும். மேகங்கள் தொட்டுக்கொள்ள வழியில்லை. ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பும் மற்றது இருப்பதை அறியாததுபோல் தனித்து இயங்கும். இவை இணைவுறா இரட்டைப் பிணைப்புகள்.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இதில் புணர்ச்சியின் சாயல் தெரியும். நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் நேர்நின்றாலே திரிபோ தோன்றலோ கெடுதலோ நிகழும். இடையில் வேறொரு சொல் புகுந்துவிட்டால் அவ்விரு சொற்களும் ஒன்றையொன்று மாற்றுவதில்லை. ஒப்புமை இந்த அளவோடு நிற்கும். சொற்புணர்ச்சியில் எல்லையில் நிற்கும் எழுத்துகளே மாறுகின்றன. இணைவிலோ மூலக்கூறின் அப்பகுதி முழுவதும் மாறிவிடுகிறது.

மாறுகிறது என்பதற்கு அளவீடுகள் உள்ளன. சாதாரண ஒற்றைப் பிணைப்பின் நீளம் 154 பிக்கோமீட்டர். இரட்டைப் பிணைப்பின் நீளம் 134. பியூட்டாடையீனின் நடு ஒற்றைப் பிணைப்பு ஏறத்தாழ 147 பிக்கோமீட்டராகக் குறுகியிருக்கிறது. பெயரளவில் ஒற்றையாயினும் அது முழு ஒற்றையன்று. ஆற்றலிலும் வேறுபாடு தெரிகிறது. ஐந்து கார்பன்களும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட பென்டாடையீனை இரு வடிவங்களில் பெறலாம். இணைவுறா வடிவத்தை ஹைட்ரஜனேற்றம் செய்தால் மோலுக்கு 254 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். இணைவுற்ற வடிவத்தில் 226. இரண்டும் முடிவில் ஒரே பென்டேனாகவே ஆகின்றன. எனவே இணைவுற்ற வடிவம் தொடக்கத்திலேயே 28 கிலோஜூல் தாழ்ந்த, அதாவது நிலைத்த நிலையில் இருந்தது எனப் பெறப்படும். இவ்வேறுபாடு முழுவதும் இணைவால் மட்டுமே வந்ததன்று. இரட்டைப் பிணைப்பு சங்கிலியின் நுனியிலிருந்து உள்ளே நகர்ந்ததற்கும் அதில் பங்குண்டு. பாடநூல்கள் இந்நுட்பத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

ஒளியை உறிஞ்சும் திறன் இன்னும் தெளிவான அடையாளம். தனித்த இரட்டைப் பிணைப்பு 200 நானோமீட்டருக்குக் கீழேயுள்ள புறஊதாக் கதிரையே உறிஞ்சும். இரண்டு இணைந்தால் உறிஞ்சுதல் 217க்கு ஏறுகிறது. பதினொன்று இணைந்த பீட்டா கரோட்டினில் அது 450ஐ எட்டி நீல ஒளியை விழுங்குவதால் கேரட் செம்மஞ்சளாகத் தெரிகிறது. ஆம்பூரிலிருந்து செல்லும் காலணித் தோலின் கருமையும் பழுப்பும் இவ்வகையினவே. அசோச் சாயங்களில் இரு நைட்ரஜன்களின் இரட்டைப் பிணைப்பு இருபுறமும் அரோமேட்டிக் வளையங்களைக் கோத்து ஒரே நீண்ட இணைவை உண்டாக்குகிறது.

‘ஒன்றுவிட்ட’ என்னும் சொல்லின் மயக்கம்

ஃபிஸ்க் கிரீன் 1875இல் வெளியிட்ட ‘கெமிஸ்தம்’ தமிழில் வேதியியலை முறையாக எடுத்துரைத்த முன்னோடி நூல். பென்சீன் வளையத்தைக் கெக்குலே முன்மொழிந்து அப்போது பத்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. இணைவு என்னும் கருத்தோ அதற்கும் பிற்பட்டது; யோகன்னஸ் தீலே 1899இல் பகுதி இணைதிறன் கோட்பாட்டின் வழியே அதனை விளக்க முயன்றார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கெனக் கழகம் கண்டபோது இக்கருத்து வேதியியலாளர்களிடையிலேயே முழுமை பெற்றிருக்கவில்லை. குவாண்டக் கொள்கை வழியிலான விளக்கம் 1930களில்தான் வந்தது.

பின்னர் தமிழில் வேதியியல் எழுதியோர் இதனை ‘ஒன்றுவிட்ட இரட்டைப் பிணைப்பு’, ‘இணை இரட்டைப் பிணைப்பு’ போன்ற தொடர்களால் குறித்தனர். முன்னது எளியது, ஒன்றுவிட்ட அண்ணன், ஒன்றுவிட்ட தங்கை என்னும் உறவுமுறை வழக்கைப் பின்பற்றியது, கேட்டவுடன் மனத்தில் தங்குவது. ஆயினும் விடப்பட்ட அந்த ‘ஒன்று’ எது என்பதை அச்சொல் உரைக்கவில்லை. பிணைப்புகளை எண்ணினால், இரட்டை, ஒற்றை, இரட்டை என ஒரு பிணைப்பை விட்டு அமைவது இணைவுற்ற நிலை. கார்பன்களை எண்ணினால் நிலைமை தலைகீழாகிறது. நல்லெண்ணெயில் மிகுந்துள்ள லினோலியிக் அமிலத்தில் 9ஆம் கார்பனில் ஒன்றும் 12ஆம் கார்பனில் ஒன்றுமாக இரட்டைப் பிணைப்புகள் தொடங்குகின்றன. முதலாவது 10ஆம் கார்பனோடு முடிகிறது; நடுவே 11ஆம் கார்பன் ஒன்றே விடப்பட்டிருக்கிறது. ஒரு கார்பன் விட்டதனால் இதுவும் ‘ஒன்றுவிட்ட’தே. ஆனால் இது இணைவுறாதது.

ஒரே சொல் இரு நேர்மாறான நிலைகளுக்கும் பொருந்துமாயின் அதனைக் கலைச்சொல்லாகக் கொள்வது இடர்தரும். வேதியியலில் இன்று வழங்கும் ஐரோப்பியச் சொல்லின் இலத்தீன் வேர் ஒரே நுகத்தில் பூட்டுதல் எனப் பொருள்படுவது. ஒரு நுகத்தடியில் பூட்டப்பட்ட இரு மாடுகள் தனித்தனியே நடப்பதில்லை; ஒன்றின் இழுப்பு மற்றொன்றையும் சேரும். அச்சொல் இடத்தைக் குறிக்கவில்லை, விளைவைக் குறிக்கிறது. ‘இணைவுற்ற’ என்பது அதற்கு நெருங்கி வரும் தமிழ்ச் சொல். ‘இணை’ என மட்டும் கூறின் சோடி என்றே பொருள்பட்டு, சேர்ந்தியங்கும் பண்பு தோன்றாமல் போகும். இக்கட்டுரையில் ‘இணைவுற்ற’, ‘இணைவுறா’ என்னும் சொற்கள் ஆளப்படுவது இதனால்தான்.

எண்ணெயூட்டலும் பதினோராம் கார்பனும்

தென்னிந்தியத் தோல் தொழிலின் பழைய முறை ஆவாரம்பட்டையை அடிப்படையாகக் கொண்டது. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய் நீரில் தோய்த்து, புங்க எண்ணெய் தேய்த்து உலர்த்திய தோல், ஈஸ்ட் இந்தியா தோல் என்னும் பெயரில் சென்னைத் துறைமுகம் வழியே அரைப்பதத்தில் ஏற்றுமதியானது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலைச் சோதித்தார். குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அங்கெழுந்த குரோம் தோல் ஆலையின் நினைவே. 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. அதன்பின் சாயமேற்றுதல், எண்ணெயூட்டல், மெருகேற்றுதல் ஆகிய இறுதி வேலைகள் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆலைகளுக்கே வந்து சேர்ந்தன. அதுவரை தோலை வாங்கிய அயல்நாட்டாரின் கவலையாக இருந்த எண்ணெய், உள்ளூராரின் கவலையாயிற்று.

குரோம் பதனிடலில் மூவிணைதிறன் குரோமியம், தோலின் கொலாஜன் இழைகளிலுள்ள கார்பாக்சில் தொகுதிகளைப் பற்றி, இழையோடு இழையைக் கட்டுகிறது. கொதிநீரையும் தாங்கும் உறுதி அதனால் கிடைக்கிறது. அந்நீலத் தோல் அப்படியே உலர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தகடுபோல் விறைத்துவிடும். ஆதலால் மரப் பீப்பாயில் சுழலும் தோலுக்குள் நீரில் கரையும்படி பக்குவப்படுத்திய எண்ணெயைச் செலுத்துவர். ஆலைத் தளத்தில் ஃபேட் லிக்கர் என வழங்கும் இவ்வெண்ணெய் இழைகளுக்கிடையே புகுந்து வழுக்கலை உண்டாக்கும். தோல் மென்மை பெறும். இதற்கு நெடுநாள் விரும்பப்பட்டவற்றுள் ஒன்று மீனெண்ணெய். விலை குறைவு, தோலுக்கு நல்ல நெகிழ்வைத் தருவது.

மீனெண்ணெயின் கொழுப்பு அமிலங்களுள் ஐந்து, ஆறு இரட்டைப் பிணைப்புகளை உடையவை உண்டு. அவை எல்லாமே இணைவுறாதவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிறைவுற்ற கார்பன் நிற்கும். இத்தொழிலின் சிக்கல் தொடங்குவது அந்த நடுக் கார்பனில்தான். லினோலியிக் அமிலத்தை மீண்டும் எடுத்துக்கொள்வது விளக்கத்திற்கு எளிது. அதன் 11ஆம் கார்பனுக்கு இருபுறமும் இரட்டைப் பிணைப்பு. சாதாரண நிறைவுற்ற கார்பனிலிருந்து ஹைட்ரஜன் ஒன்றைப் பிய்த்தெடுக்க மோலுக்கு 400 கிலோஜூலுக்கு மேல் தேவை. ஒருபுறம் மட்டும் இரட்டைப் பிணைப்பை உடைய கார்பனில் அது ஏறத்தாழ 370ஆகக் குறையும். இருபுறமும் இரட்டைப் பிணைப்புகள் சூழ்ந்த 11ஆம் கார்பனிலோ 315 அளவே போதும்.

இவ்வளவு எளிதில் ஹைட்ரஜன் கழல்வது ஏன்? கழன்றபின் 11ஆம் கார்பனில் இணையற்ற எலக்ட்ரான் ஒன்று எஞ்சுகிறது. அதாவது மூலக்கூறு ஒரு தனி உறுப்பாகிறது. அக்கணமே அந்தக் கார்பன் பி ஆர்பிட்டாலைப் பெற்று, இதுவரை தனித்திருந்த இரு இரட்டைப் பிணைப்புகளையும் கோத்துவிடுகிறது. 9 முதல் 13 வரை ஐந்து கார்பன்களிலும் எலக்ட்ரான் பரவி நிற்கும். இணைவுறாத மூலக்கூறு இணைவைப் பெறுவதற்கான வாயில் அது. அந்நிலையின் ஈர்ப்பே ஹைட்ரஜனை இழக்கத் தூண்டுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் 9ஆம் கார்பனிலோ 13ஆம் கார்பனிலோ வந்து சேரும்போது பெராக்சைடுத் தனி உறுப்பு பிறக்கும். அது பக்கத்து எண்ணெய் மூலக்கூறின் நடுக் கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துத் தான் ஹைட்ரோபெராக்சைடாக அடங்கும். பறிகொடுத்த மூலக்கூறு அடுத்த தனி உறுப்பு. இவ்வாறு வினை தொடர்ந்து செல்லும்.

ஒரே இரட்டைப் பிணைப்பை உடைய ஓலியிக் அமிலத்தைவிட லினோலியிக் அமிலம் பத்து மடங்கிற்கும் மேல் விரைந்து ஆக்சிஜனேற்றம் அடைவதற்குக் காரணம் இந்த நடுக் கார்பனே. இரட்டைப் பிணைப்பு ஒன்று இரண்டானதால் வேகம் இரண்டு மடங்காகவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. ஆறு இரட்டைப் பிணைப்புகளை உடைய மீனெண்ணெய் அமிலத்தில் இத்தகைய நடுக் கார்பன்கள் ஐந்து. ஓலியிக் மிகுந்த பழைய புங்க எண்ணெயில் இவை மிகக் குறைவு. ஆவாரைத் தோலில் குரோமியமே இல்லாததால் அக்காலத்தில் இவ்வேறுபாடு இப்படியொரு விளைவைத் தந்திருக்கவும் முடியாது.

இங்கு நிகழ்ந்ததற்கு அடையாளமும் இணைவின் வழியே கிடைக்கிறது. உருவான ஹைட்ரோபெராக்சைடில் இரட்டைப் பிணைப்புகள் இரண்டும் இணைவுற்று நிற்பதால் அது 234 நானோமீட்டர் அளவில் புறஊதாக் கதிரை உறிஞ்சும். கெடாத எண்ணெய் அவ்விடத்தில் ஏறத்தாழ ஒன்றும் உறிஞ்சாது. எண்ணெய் கெடத் தொடங்கியதை நாற்றம் வருமுன்பே அறிய இவ்வளவீடு உதவும்.

மூன்றிலிருந்து ஆறுக்கு

பதனிட்ட தோல் ஒரு கிலோவில் ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரை குரோமியம் உண்டு. அதில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு மட்டும் மூவிணைதிறனிலிருந்து அறுவிணைதிறனுக்கு மாறினாலே ஐரோப்பிய வரம்பு தாண்டப்படும். எண்ணெயிலிருந்து பிறந்த பெராக்சைடுகளும் தனி உறுப்புகளும் அந்தச் சிறு பங்கை மாற்றப் போதுமானவை. எண்ணெயூட்டலுக்கு முன் தோலின் அமிலத்தன்மையைக் குறைப்பதற்காகச் செய்யும் நடுநிலையாக்கல் அளவு மீறினால் இம்மாற்றம் எளிதாகும். கிடங்கின் வெப்பமும் வறட்சியும் புறஊதா ஒளியும் அதை விரைவுபடுத்தும். கப்பல் பெட்டகத்துள் நாள்கணக்கில் வெம்மையில் கிடக்கும் தோலில் நடப்பது இதுவே.

மூவிணைதிறன் குரோமியம் கொலாஜனோடு கட்டுண்டு கிடப்பது. தோலை எளிதில் விட்டு வெளியேறாது. அறுவிணைதிறன் குரோமியமோ குரோமேட்டாக வியர்வையில் கரைந்து உடலின் தோலுக்குள் ஊடுருவும். ஒவ்வாமைத் தோலழற்சியை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவர்க்குப் பின்னர் மிகச் சிறு அளவும் கொப்புளத்தைத் தரும். துகளாக மூச்சில் சேரின் புற்றுநோய்க் காரணியாகவும் அமைகிறது. காலணி அணியும் அயல்நாட்டார்க்காக விதி வந்தது. அதே தோலை நாள்தோறும் கையால் அறுத்தும் தைத்தும் உராய்ந்தும் பழகும் தொழிலாளர்க்கும் இது பொருந்தும் என்பது குறைவாகவே பேசப்படுகிறது.

சோதனை முறையும் நோக்கத்தக்கது. தோலைச் சிறு துண்டுகளாக்கி, சற்றே காரமான பாஸ்பேட்டுக் கரைசலில் சாறெடுத்து, டைபினைல்கார்பசைடு என்னும் நிறமற்ற பொருளைச் சேர்ப்பர். அறுவிணைதிறன் குரோமியம் இருந்தால் அது டைபினைல்கார்பசைடை ஆக்சிஜனேற்றம் செய்து, நைட்ரஜன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும். இரு பென்சீன் வளையங்களில் ஒன்றோடு இணைவு பெறும் இப்புதிய சேர்மம், ஒடுங்கி மூன்றான குரோமியத்தைப் பற்றிக்கொண்டு செவ்வூதா நிறத்தைக் காட்டும். 540 நானோமீட்டரில் அந்நிறத்தின் செறிவு அளக்கப்படும். அனுப்புமுன் தோலை 80 பாகை செல்சியசில் 24 மணிநேரம் வைத்துப் பின்னர் சோதிக்கும் முறையும் உண்டு. பெட்டகத்தில் பின்னர் நிகழக்கூடியதை முன்கூட்டியே நிகழ்த்திப் பார்ப்பது அது.

ஆவாரையின் துவர்

சங்கப் பாடல்களில் மடலேறும் தலைவன் சூடும் பூக்களுள் ஒன்றாக ஆவிரை வருகிறது. அதன் பட்டையில் மிகுந்துள்ள பொருள் டானின். தமிழ் அதனைத் துவர் என்று சுவையால் அறிந்திருந்தது. பாக்கை மெல்லும்போது நா இறுகுவதற்கும் தோல் பதப்படுவதற்கும் காரணம் ஒன்றே: துவர்ப்பொருள் புரதத்தைப் பற்றிக் கட்டுகிறது. ஆவாரையின் டானின் குறுக்க வகை. கடுக்காயினது நீராற்பகுக்கத்தக்க வகை. இரண்டும் பல ஹைட்ராக்சில் தொகுதிகளை ஏந்திய பென்சீன் வளையங்களால் ஆனவை.

பென்சீன் வளையம் முழுமையான இணைவு. ஆறு கார்பன்களிலும் எலக்ட்ரான் ஒப்பப் பரவியிருப்பதால் ஒற்றை, இரட்டை என்னும் வேறுபாடே மறைந்து, ஆறு பிணைப்புகளும் 139 பிக்கோமீட்டர் அளவில் ஒத்த நீளம் பெறுகின்றன. எண்ணெயிலிருந்து புறப்பட்ட பெராக்சைடுத் தனி உறுப்பு டானினைச் சந்திக்கும்போது, ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. டானினும் இப்போது தனி உறுப்புத்தான். ஆனால் அதன் இணையற்ற எலக்ட்ரான் ஆக்சிஜனிலிருந்து வளையம் முழுவதும் பரவி அடங்கிவிடுவதால், வேறொரு எண்ணெய் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும் வேகம் அதற்கு இல்லை. சங்கிலி அங்கேயே அறுகிறது. முன்பே உருவாகிவிட்ட அறுவிணைதிறன் குரோமியத்தை மீண்டும் மூன்றாக ஒடுக்கும் ஆற்றலும் டானினுக்கு உண்டு.

இதனால்தான் குரோம் தோலுக்கு மறுபதனிடல் கட்டத்தில் ஓரிரு விழுக்காடு தாவர டானினைச் சேர்ப்பது அறுவிணைதிறன் குரோமியத்தைத் தடுக்கும் நடைமுறைகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டுள்ளது. குரோமியத்தின் வரவால் பின்னுக்குத் தள்ளப்பட்ட பட்டைச் சாறு, அக்குரோமியத்தைக் காக்கும் துணைப்பொருளாகத் திரும்பியிருக்கிறது. இதனை ‘முன்னோர் அறிந்த அறிவியல்’ எனக் கொண்டாடுவதற்கு இடமில்லை. ஆவாரையைப் பயன்படுத்தியோர் தேடியது வேறு பயன். லினோலியிக் அமிலத்தின் நடுக் கார்பனும் டானினின் வளையமும் எதிரெதிர் விளைவைத் தருவதற்கு ஒரே கொள்கை காரணமாக இருப்பதுதான் இங்கு வியப்புக்குரியது. இரண்டுமே ஹைட்ரஜனை எளிதில் இழக்கின்றன. இரண்டிலும் எலக்ட்ரான் பரவி நிற்கிறது. எண்ணெயின் தனி உறுப்பு ஆக்சிஜனை உடனே ஏற்று வினையை நீட்டுகிறது; டானினின் தனி உறுப்பு ஆக்சிஜனோடு எளிதில் சேராததால் வினை நின்றுபோகிறது.

அயோடின் எண் சொல்வதும் சொல்லாததும்

ஆலைக்கு எண்ணெய் வாங்கும்போது பார்க்கப்படும் அளவீடு அயோடின் எண். நூறு கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கும் என்பது அது. ஏற்கும் அளவு இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையைக் காட்டும். தேங்காய் எண்ணெயில் 10ஐ ஒட்டியோ குறைந்தோ இருக்கும், ஆமணக்கெண்ணெயில் 80களில், மீனெண்ணெயில் பெரும்பாலும் 150க்கு மேல். குறைந்த எண் பாதுகாப்பு, மிகுந்த எண் இடர் என்னும் தொழில்முறை விதி பெரும்பாலும் சரியே. ஆமணக்கெண்ணெயின் முதன்மை அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு ஒன்றேயாதலால் அதில் நடுக் கார்பன் இல்லை; தோல் தொழிலில் அதற்குள்ள மதிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அயோடின் எண் இடத்தை உரைப்பதில்லை. ஆளிவிதை எண்ணெயின் லினோலெனிக் அமிலமும், டங் எண்ணெயின் எலியோஸ்டியரிக் அமிலமும் ஒரே மூலக்கூறு வாய்பாடு உடையவை: 18 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன், ஒவ்வொன்றிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள். முன்னதில் அவை 9, 12, 15 ஆகிய இடங்களில் இணைவுறாது நிற்கின்றன. பின்னதில் 9, 11, 13 ஆகிய இடங்களில் இணைவுற்று நிற்கின்றன. பாகல் விதையின் எண்ணெயிலும் இப்பின்னையதே மிகுந்துள்ளது. இரு எண்ணெய்களின் அயோடின் எண்களும் ஒன்றையொன்று ஒட்டி வரும். இணைவுற்ற பிணைப்புகள் அயோடினை முழுமையாக ஏற்காததால் பின்னதன் எண் உண்மையைவிடக் குறைத்தே காட்டும்.

இணைவுற்றது நிலைத்தது என மேலே கூறியதைக் கொண்டு டங் எண்ணெய் தோலுக்கு ஏற்றது எனக் கருதிவிடலாகாது. நிலைத்தன்மை என்பது ஆற்றல் பற்றியது. வினைபுரியும் வேகம் வேறு. மூன்று இரட்டைப் பிணைப்புகள் இணைந்த சங்கிலியில் தனி உறுப்பு நேராகவே வந்து சேரும். சேர்ந்தபின் பரவி நிற்க இடமும் உண்டு. ஆகவே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று விரைந்து பிணைந்து கெட்டிப் படலமாகின்றன. மரச்சாமான் மெருகுக்கு டங் எண்ணெய் பெயர்பெற்றது இப்பண்பினால். நெகிழ்வை நாடும் தோலுக்குள் அது புகுந்தால் விறைப்பையே தரும். எண்ணெய்ப் பீப்பாயின் மேலுள்ள சீட்டில் அயோடின் எண்ணுக்கு அருகே பெராக்சைடு எண்ணும், 234 நானோமீட்டரில் எடுத்த உறிஞ்சுதல் அளவும் இடம்பெற்றிருந்தால், அவ்வெண்ணெயில் எத்தனை இரட்டைப் பிணைப்புகள் உள்ளன என்பதோடு, அவற்றுள் எவ்வளவு ஏற்கெனவே இடம் பெயர்ந்து இணைவுற்றிருக்கின்றன என்பதையும் ஆலையின் வேதியியலார் தோல் பீப்பாய்க்குள் போகுமுன்பே படித்தறிய இயலும்.